மறு: வேனில் பொருத்தும் வெந்நீர் ஹீட்டருக்குத் தமிழ் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேட்ட தம்பியின் மச்சான் இங்கிலாந்தில் சன்னல் கண்ணாடி கழுவும் தொழில் செய்கிறார், அவர் வேனில் இருக்கும் ஹீட்டரின் கையேட்டை ஊர்ப் பையன்கள் படிக்கும்படி தமிழில் கொண்டுவர வேண்டும், தேவை அவ்வளவுதான். நாம் அதை விட்டுவிட்டு, சிஸ்டம் என்பதற்கு முறைமையா அமைப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கீசரும் சோலார் ஹீட்டரும் மாட்டிக்கொடுக்கிறவன். எனவே குழாய்ப் பக்கமிருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஊர்தியில் ஏற்றப்பட்ட வெந்நீர்ச் சூடாக்க முறைமை

ஐயா, இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் வெந்நீரை எதற்கு மறுபடி சூடாக்க வேண்டும்? உள்ளே போவது பச்சைத் தண்ணீர்தானே. அதோடு, இவ்வளவு நீளப் பெயரைப் பட்டறையில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். ஹீட்டர் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

> கொதிகலன் ஏற்கனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அக்கா, கொதிகலன் அனல்மின் நிலையத்துக்கும் அரிசி ஆலைக்கும் பொருந்தும், அங்கே நீராவி வேண்டும். இங்கே தண்ணீர் கொதித்தால் வேலை கெட்டது. பனியில் விறைத்துக் கிடக்கும் கண்ணாடிமேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும். கை பொறுக்கும் சூடு இருந்தால் போதும், பறவை எச்சமும் சமையலறைப் பிசுக்கும் இளகிவிடும். குளிரில் கம்பிபோல் விறைத்துக்கொள்ளும் ஹோஸும் வளைந்துகொடுக்கும், அந்த நாட்டுக் குளிர்காலத்தில் பாதி நிம்மதி அதுதான்.

> பாலக்காட்டில் சூடுவெள்ளம் என்றால் எல்லாருக்கும் புரியும்

புரியும். ஆனால் கஞ்சிக்கோட்டு ஹோட்டலில் சூடுவெள்ளம் கேட்டால் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுச் சிவந்த தண்ணீர் டம்ளரில் வரும். வாளையார் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் வெள்ளம் என்றால் ஆறு ஊருக்குள் புகுந்ததாகத்தான் அர்த்தம். கையேடு இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் போகிறது, அதனால் வெந்நீரே இருக்கட்டும்.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரே பெயரில் கிடக்கும் இது உண்மையில் இரண்டு வெவ்வேறு சாதனம். தமிழில் ஒரே சொல் வைத்துவிட்டால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் ஆட்சேபணை.

முதல் வகையில் வேனுக்குள் இருக்கும் தொட்டியிலேயே மின் காயில், அதாவது மின்சாரத்தில் சூடாகும் சுருள், மூழ்கியிருக்கும். ராத்திரி வீட்டு வாசலில் வேனை நிறுத்தி வயரை மாட்டிவிட்டால் விடிவதற்குள் தொட்டி முழுக்கச் சூடாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 18.6 யூனிட் மின்சாரம். 3 கிலோவாட் காயில் என்றால் ஆறு மணி நேரத்துக்குமேல், தொட்டி வழியாக வெளியேறும் சூட்டைச் சேர்க்காமலே. பகலில் வேலை செய்யச் செய்ய ஆறிக்கொண்டே வரும், சாயங்காலம் கடைசி வீட்டுக்கு வெதுவெதுப்புத்தான்.

இரண்டாவது வகையில் தொட்டி பச்சைத் தண்ணீராகவே இருக்கும். பம்ப் தள்ள, ஹோஸுக்குப் போகிற வழியில் சூடு ஏறும். கேஸில் ஓடுவது உண்டு, நம் குளியலறை கேஸ் கீசரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். டீசலில் ஓடுவதும் உண்டு, தம்பியின் மச்சானிடம் இருப்பது இந்த ரகம். வெபாஸ்டோ, எபர்ஸ்பாகர் என்ற ஜெர்மன் கம்பெனிகள் லாரி, பஸ் எஞ்சினைக் குளிரில் முன்கூட்டியே சூடேற்றச் செய்த ஹீட்டரைத்தான் இங்கே கொண்டுவந்து மாட்டுகிறார்கள். டீசல் எரிந்து கூலன்ட்டை, அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தை, சூடாக்கும். அந்தக் கூலன்ட் ஒரு சின்னத் தகட்டுப் பெட்டிக்குள் சுற்றிவரும். தகட்டின் ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் கழுவும் தண்ணீர், இரண்டும் ஒருபோதும் கலக்காது. முழு வேகத்தில் 5 கிலோவாட் தரும் ஹீட்டர் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக டீசல் குடிக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீரின் சூடு 36 டிகிரி வரை ஏறும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஏற்றம் பாதியாகும். புதிதாக வேலைக்கு வரும் பையன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது, இல்லாவிட்டால் ஹீட்டரில் கோளாறு என்று கழற்ற ஆரம்பித்துவிடுவான். இன்னொன்று, 6 மில்லிமீட்டர் துளையுள்ள 100 மீட்டர் ஹோஸில் கிட்டத்தட்ட 2.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது வெளியே வரும்வரை பிரஷ்ஷில் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

ஆகவே என் பரிந்துரை: முதல் வகைக்குத் தொட்டிச் சூடேற்றி, இரண்டாவது வகைக்கு ஓடுநீர்ச் சூடேற்றி. எது இருந்தாலும் அந்த வேனுக்கு வெந்நீர் வண்டி. தண்ணீர் வண்டி என்று நாம் சொல்லிப் பழகியதுதானே, காதுக்கு உறுத்தாது. ஓடுநீர்ச் சூடேற்றி என்ற சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் வீடுகளில் மாட்டும் இன்ஸ்டன்ட் கீசரும் கேஸ் கீசரும் இதற்குள் அடங்கிவிடும். வேனுக்கென்று மட்டும் ஒரு சொல்லை உருவாக்கினால் பாவம் அது அந்தக் கையேட்டோடு செத்துப்போகும்.

தகட்டுப் பெட்டிக்கு வெப்பப் பரிமாற்றி என்ற பாடப்புத்தகச் சொல் நன்றாகவே இருக்கிறது, தொடவேண்டாம்.

கண்ணாடி கழுவும் தண்ணீருக்குத் தூயநீர் என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்.ஓ. வடிகட்டியும் அதற்குப்பின் மிச்ச உப்பை இழுத்துக்கொள்ளும் ரெசினும் போட்டு, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை உப்பை எடுத்த தண்ணீர் அது. துடைக்காமல் விட்டாலும் கண்ணாடியில் புள்ளி விழாது, இந்தத் தொழிலே அதில்தான் நிற்கிறது. தூயநீர் என்று எழுதினால் குடிக்கிற தண்ணீர் என்று நினைப்பார்கள். நம் பக்கம் போர்வெல் தண்ணீரை உப்புத்தண்ணி என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், அதனால் உப்பு நீக்கிய நீர் என்றால் விளக்கமே வேண்டாம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில் கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காயில் இருக்கும் இடமே தெரியாமல் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும். ஸ்க்ரூட்ரைவரால் தட்டினால் சில்லுச் சில்லாக உதிரும், சில சமயம் காயிலும் சேர்ந்து வரும். உப்பு நீக்கிய நீருக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அது செம்பை மெல்ல அரிக்கும். அதனால் பரிமாற்றியின் தகடும் பற்றவைப்பும் எந்த உலோகம் என்று கையேட்டில் உள்ள வரியை விட்டுவிடாதீர்கள்.

வரிசையும் முக்கியம். ஆர்.ஓ. வடிகட்டியின் மெம்பிரேன் (சவ்வு) பொதுவாக 45 டிகிரிக்குமேல் தாங்காது, எனவே வடிகட்டி முன்னால், சூடேற்றி பின்னால். ஓடுநீர் என்ற சொல் பெயரிலேயே இருந்தால் பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவில்தான் இதற்கு இடம் என்பது மாட்டுகிறவனுக்குப் பாதி விளங்கிவிடும்.

சூடேற்றியா சூடாக்கியா என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் ஒன்றுதான். டிகிரிக் கணக்கில் ஏற்றுவதைச் சொல்கிறோம் என்பதால் எனக்குச் சூடேற்றி பிடித்திருக்கிறது, பெரும்பான்மை வேறுபக்கம் போனால் நான் மல்லுக்கட்டமாட்டேன்.

நம் ஊருக்கு இது எதற்கு என்றும் கேள்வி வந்திருந்தது. சமவெளிக்குத் தேவையே இல்லை, ஏப்ரல் மதியம் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. மூணாறில் குளிர்காலத்தில் புல்மேல் உறைபனி விழும் நாட்கள் உண்டு, ரிசார்ட்டுகளின் பெரிய கண்ணாடிகளும் உண்டு. அங்கே என்றாவது வரலாம்.

தம்பி, கையேட்டில் முதலில் தமிழாக்க வேண்டியது புகைபோக்கிப் பகுதி. எரிவதில் கார்பன் மோனாக்சைடு வரும், மணமும் இருக்காது நிறமும் இருக்காது. அந்த வரியை இப்படி எழுதலாம் என்று தோன்றுகிறது: "ஓடுநீர்ச் சூடேற்றியின் புகைக்குழாய் வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் வண்டியை நிறுத்திச் சூடேற்றியை ஓட்டக்கூடாது. வண்டிக்குள் யாரும் தூங்கக்கூடாது." மூன்றாவது வாக்கியம் மூலத்தில் இல்லாவிட்டாலும் சேர்த்துவிடுங்கள், நம் பையன்கள் மத்தியானம் வேனுக்குள்தான் படுப்பார்கள்.