சனிக்கிழமை ராத்திரி என்ன படம்?

சித்தப்பா: சனிக்கிழமை எல்லோரும் நம்ம வீட்டுக்கு வந்துவிடுங்கள். சாப்பாடு என் பொறுப்பு. படம்தான் இன்னும் முடிவாகவில்லை.

அத்தை: வெட்டு, குத்து, ரத்தம் எதுவும் வேண்டாம் தம்பி. போன தடவை பார்த்ததற்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அண்ணன்: துப்பறியும் படம் என்றால்தான் நான் வருவேன்.

நான்: இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று இருக்கிறது. தி தின் மேன், அதாவது ஒல்லி ஆள், 1934, கருப்பு வெள்ளை. கொலை உண்டு அத்தை, ஒன்றுக்கு மேலேயே உண்டு. ஆனால் நீங்கள் சிரித்துக்கொண்டேதான் பார்ப்பீர்கள்.

பெரியப்பா: டேஷியல் ஹாமெட் நாவல்தானே? காலேஜில் படித்தபோது லைப்ரரியில் எடுத்தது. அந்த மனிதர் பிங்கர்ட்டன் ஏஜென்சியில் நிஜமாகவே துப்பறிவாளராக இருந்தவர். போலீஸ், ரவுடி பேச்செல்லாம் அவ்வளவு கச்சிதமாக இருக்கும்.

நான்: அதேதான் பெரியப்பா. அவர் எழுதிய கடைசி நாவல்.

அண்ணன்: கதை என்ன? கொலையாளி யார் என்று மட்டும் உளறிவிடாதே.

நான்: நிக் சார்லஸ் பழைய துப்பறிவாளர். பணக்கார வீட்டு நோராவைக் கட்டிக்கொண்டபின் வேலையை விட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் நியூயார்க் வருகிறார்கள். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு கண்டுபிடிப்பாளரைக் காணவில்லை. அவருடைய காரியதரிசி கொலையாகிக் கிடக்கிறாள். முன்னாள் மனைவி, மகள், மகன், வக்கீல், போலீஸ், ரவுடி என்று ஆளாளுக்கு நிக்கின் ஹோட்டல் அறைக்கே படையெடுக்கிறார்கள். தலையிட அவருக்கு இஷ்டமே இல்லை. நோராவுக்குத்தான் ஆசை.

சித்தப்பா: நிக்தான் அந்த ஒல்லி ஆளா?

பெரியப்பா: இல்லைடா, காணாமல் போனவர்தான். படம் ஓடிய ஓட்டத்தில் அடுத்தடுத்த படங்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஜனங்கள் நிக்கையே ஒல்லி ஆளாக்கிவிட்டார்கள்.

நான்: மொத்தம் 6 படம். கடைசிப் படம் 1947-இல். எல்லாவற்றிலும் வில்லியம் பவலும் மிர்னா லாயும்தான் ஜோடி.

அத்தை: குடி ஜாஸ்தி இருக்குமோ?

நான்: இருக்கும் அத்தை, மறைக்கமாட்டேன். அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதே 1933 டிசம்பரில்தான், அந்த உற்சாகம் படம் முழுக்கத் தெரியும். நோரா வருகிற முதல் காட்சியைக் கேளுங்கள். கை நிறைய பரிசுப் பொட்டலம், நாய் ஆஸ்டா இழுக்கிற இழுப்பில் பாரின் நடுவே குப்புற விழுகிறாள். அப்புறம் நிக் ஏற்கெனவே 6 மார்ட்டினி குடித்துவிட்டார் என்று தெரிகிறது. இவள் கையில் இருப்பது முதல் கிளாஸ். உடனே வெயிட்டரைக் கூப்பிட்டு, இன்னும் ஐந்து கொண்டுவந்து வரிசையாக வை என்கிறாள்.

அத்தை: அடியம்மா! புருஷனுக்குச் சரிசமமாகவா?

நான்: எல்லாவற்றிலும் சரிசமம்தான். எனக்கு இந்தப் படம் பிடித்ததே அதனால்தான். அந்தப் பெரிய இடத்து மனிதர்கள் கூச்சமே இல்லாமல் மாறி மாறிப் பொய் சொல்கிறார்கள். அத்தனை பேர் நடுவே இந்தப் புருஷன் பெண்டாட்டி மட்டும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுவதில்லை. கேலி பண்ணுவார்கள், சீண்டுவார்கள், ஆனால் ஒருத்தர் இருக்கிற இடத்தில் இன்னொருத்தர் முகம் மலர்ந்துவிடும். கல்யாணமானவர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற துப்பறியும் கதை எனக்குத் தெரிந்து அபூர்வம்.

அண்ணன்: சண்டையே கிடையாதா?

நான்: ஒரு இடம் உண்டு. துப்பாக்கியோடு ஒருத்தன் படுக்கையறைக்குள் வந்துவிடுகிறான். குறுக்கே இருக்கிற நோராவை நிக் ஒரே குத்தில் தள்ளிவிட்டுத்தான் அவன்மேல் பாய்கிறார். குண்டிலிருந்து காப்பாற்றத்தான். ஆனாலும் இன்றைக்குப் பார்க்கும்போது அது எனக்கு உறுத்துகிறது.

அத்தை: உறுத்தத்தான் செய்யும். சரி, மற்றதெல்லாம்?

நான்: கிறிஸ்துமஸ் பரிசாக வந்த ஏர் பிஸ்டலை வைத்து, சோபாவில் படுத்தபடியே மரத்தில் தொங்குகிற பலூன்களைச் சுடுவார். ஜன்னல் கண்ணாடி உடையும். உடனே சுருண்டு படுத்துத் தூங்குகிற மாதிரி பாவனை!

பெரியப்பா: கடைசி விருந்தை விட்டுவிட்டாயே! சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பார். பரிமாறுகிறவர்கள் எல்லாம் வெயிட்டர் வேஷத்தில் போலீஸ்காரர்கள்.

சித்தப்பா: எவ்வளவு நேரப் படம்?

நான்: ஒன்றரை மணி நேரம்தான்.

சித்தப்பா: அப்படியென்றால் விருந்துக் காட்சி வரும்போதுதான் இலை போடுவேன். அதற்கு முன்னால் யாரும் பசி என்று சொல்லக்கூடாது.

அண்ணன்: கொலையாளியைக் கண்டுபிடிக்கிறவருக்கு முதல் இலையா?

அத்தை: முதல் இலை அண்ணாவுக்கு. ஆனால் அண்ணா, விடை தெரிந்த நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. நான் ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன்.