மாம்பழ காப்ளர்: மேலே சிவந்துவிடுகிறது, அடியில் மாவு வேகவில்லை. உதவுங்கள்

பாளைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்குச் சொதிச் (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாடு. நாத்தனார் குடும்பம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவலோடு இலை ஓரத்தில் தொடுகறியாக மாம்பழ காப்ளரும் (பழமும் மாவும் சேர்த்து வேகவைக்கும் அமெரிக்கப் பலகாரம்) ஒரு கரண்டி வைக்க ஆசை. அந்தப் பிள்ளைகளுக்கு அது உயிர்.

சுலபமான முறையில்தான் செய்து பார்த்தேன். 100 கிராம் வெண்ணெயைப் பாத்திரத்திலேயே உருக்கி, 1 கப் மைதா, 1 கப் சர்க்கரை, 1 கப் பால், 1½ டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்த மாவை அதன்மேல் ஊற்றி, பழத்துண்டுகளைப் பரப்பினேன். மைக்ரோவேவ் அடுப்பில், சூடான காற்றால் வேகவைக்கும் கன்வெக்‌ஷனில் 180 டிகிரி, 40 நிமிடம். மேலே நல்ல பொன்னிறம். கரண்டியை உள்ளே விட்டால் பச்சை மாவும் சாறும் கூழாக வருகிறது. இன்னும் நேரம் வைத்தால் மேலே கருகுகிறது. என்ன செய்யலாம்?

செங்கோட்டை அடுக்களை:
எந்த மாம்பழம்? பாத்திரம் எவ்வளவு அகலம்? பழத்தில் முன்கூட்டியே சர்க்கரை போட்டீர்களா? மாவை ஊற்றிய பிறகு கிளறினீர்களா?

பாளைக்காரி:
நன்றாகக் கனிந்த நீலம், அக்கா. 7 அங்குல வட்டக் கேக் டின், 3 அங்குல உயரம். பழத்தில் கொஞ்சம் சர்க்கரை பிசறி அரைமணி நேரம் வைத்து, ஊறிய சாற்றோடு சேர்த்தேன். கிளறவில்லை.

செங்கோட்டை அடுக்களை:
கிளறாதது சரிதான். வெண்ணெய் அடியில், மாவு நடுவில், பழம் மேலே. வேகும்போது மாவு பொங்கி மேலே வரும், பழம் கீழே இறங்கும். இந்தக் காப்ளரின் சூட்சுமமே அதுதான்.

உங்களுக்குத் தொல்லை தருவது தண்ணீர். சர்க்கரை பட்ட மாம்பழம் சாறு விட்டுக்கொண்டே இருக்கும். அத்தனையும் மாவுக்குள் இறங்கினால், அந்த ஈரம் சூடேறி முடிவதற்குள் மேல்பக்கம் சிவந்துவிடும். குறுகலான டின் என்பதால் மாவும் கனமாக நிற்கிறது, நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அகலமான 9 அங்குலச் சதுரப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், பாதி சிக்கல் தீரும். அதற்கு முன் உங்கள் அடுப்பின் தட்டில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மூலை இடித்தால் 9 அங்குல வட்டம் போதும்.

பழத்துக்கு, கிளிமூக்கு கிடைத்தால் வாங்குங்கள். கெட்டியாக, இலேசான புளிப்போடு இருக்கும், தொடுகறிக்கு அந்தப் புளிப்பு வேண்டும். நீலம்தான் என்றால் காய்வாட்டாகப் பாருங்கள். ஊறிய சாற்றை வடித்து, சின்ன வாணலியில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். பழத்துண்டில் 1 மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) பிசறி, சுண்டிய சாற்றை மேலே தெளித்தால் போதும்.

அடுப்பை முன்கூட்டியே சூடாக்கி, தாழ்ந்த ஸ்டாண்டில் வையுங்கள். உயரமான ஸ்டாண்டு மேல்பக்கத்தைச் சீக்கிரம் கருக்கும். 170 டிகிரியில் 50 நிமிடம்போல ஆகும். சிவந்ததும் மேலே அலுமினியத் தாளை மூடிவிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், நடுவில் ஈர்க்குச்சி குத்திப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் குமிழ் வந்தால் போதாது, நடுவிலும் சாறு கொதித்துக் குமிழ் விட்டால்தான் சோளமாவு வெந்து இறுகும். எடுத்ததும் பரிமாறாமல் 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

உடன்குடி செல்வி:
ஒன்று சொல்லட்டுமா? 1 கப் சர்க்கரை இனிப்புப் பலகாரத்துக்குச் சரி. சோற்றுக்குப் பக்கத்தில் வைக்க அரை கப் தாராளம். அதிலும் பாதிக்குக் கருப்பட்டி போட்டால் தேங்காய்ப்பால் சொதிக்கு அருமையாகச் சேரும். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு பாலில் விடுங்கள், சூடாக விட்டால் பால் திரிந்துவிடும். கரைத்த தண்ணீரின் அளவுக்குப் பாலைக் குறைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பழைய கதைதான்.

பாளைக்காரி:
கருப்பட்டி நல்ல யோசனை செல்வி. அக்கா, குற்றாலத்தில் சீசன், அங்கிருந்து மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிவரச் சொல்லலாமா?

செங்கோட்டை அடுக்களை:
வேண்டாம்மா. அந்த விலைக்கு வாங்கி வேகவைத்தால் மணம் எல்லாம் போய்விடும், அப்படியே உரித்துச் சாப்பிடக் கொடுங்கள். மாம்பழம் சரியாக அமையாவிட்டால் அன்னாசி நல்லது. அதையும் நறுக்கிச் சாறு வடித்துத்தான் போட வேண்டும்.

பாளைக்காரி:
இன்று ஒத்திகை பார்த்துவிட்டேன்! 9 அங்குல வட்டம், கிளிமூக்கு, பாதிக் கருப்பட்டி. 55 நிமிடம் ஆனது. குச்சி சுத்தமாக வந்தது, ஓரம் முறுகல், அடியில் பழம் பாகு மாதிரி இறுகியிருக்கிறது. மாமியார் இரண்டாவது கரண்டி கேட்டார்கள். ஞாயிறு காலையே செய்து வைத்து மதியம் சூடாக்கலாமா?

செங்கோட்டை அடுக்களை:
ரொம்ப சந்தோஷம். தாராளமாகச் செய்யலாம். மைக்ரோவேவில் மட்டும் வேண்டாம், முறுகல் நமத்துப்போகும். கன்வெக்‌ஷனில் 150 டிகிரி, 15 நிமிடம், மூடாமல். இலையில் சொதி ஓடி வராத பக்கமாக வையுங்கள்.