ஞாயிறு பூசைக்கு வெளியே: பங்கில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்

கடைசி பெஞ்சு

ஞாயிறு காலை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குப் பூசைக்கு வருவேன், கடைசி வரிசையில் நிற்பேன், இறுதிப் பாடல் முடிவதற்குள் கிளம்பிவிடுவேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஞாயிறு கடன், அதைத் தீர்க்கிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் என் தம்பி கல்யாணத்துக்காகத் திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்று வாங்க, ஒரு புதன்கிழமை சாயந்தரம் பங்கு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில்தான் பிற்பாடு உறுதிபூசுதல், திருமணம் எல்லாவற்றையும் ஓரத்தில் குறிப்பார்களாம். அதனால் பழைய சான்று செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். எழுத்தர் பெரிய பேரேட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு அறையில் பாடகர் குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு அறையில் ஜெபமாலை. கோயிலுக்குள் ஒருவர் ஏணி போட்டு நற்கருணை விளக்கைச் சரிசெய்கிறார். நான் வராத நாளில் இவ்வளவு நடக்கிறதா என்று இருந்தது.

ஆகவே கேட்கிறேன். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் உங்கள் பங்கில் யாரைச் சந்தித்தீர்கள்? பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். சாமியார் பிரசங்கம் நீளம் என்ற புகாரும் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்ததே.

இரண்டாம் வாசகம்

ஞாயிறு பூசையில் விவிலியத்திலிருந்து படிக்கிற இரண்டாம் வாசகம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். பொதுக்காலத்தில், அதாவது தவக்காலம், பாஸ்கா மாதிரி சிறப்புக் காலங்கள் இல்லாத வாரங்களில், முதல் வாசகத்தை நற்செய்தியோடு பொருந்துகிற மாதிரி தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வாசகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பவுல் போன்றவர்கள் எழுதிய ஒரு திருமுகத்தை, அதாவது கடிதத்தை, எடுத்துக்கொண்டு வாரா வாரம் தன் போக்கில் போகும். கேட்கிறவருக்குப் பாதி வழியில் பஸ் ஏறின மாதிரி இருக்கும். அதனால் வியாழக்கிழமையே புத்தகத்தைத் திறந்துவிடுவேன்.

எங்கள் பங்கில் பார்வை இழந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுவார். ஒருநாள் நான் திருப்பண்டக அறையில் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று, “தம்பி, எனக்கும் கேட்கிற மாதிரி படிங்களேன்” என்றார். எபேசியருக்குப் பவுல் எழுதிய திருமுகம், முதல் அதிகாரம், 3 முதல் 14 வரை. கிரேக்க மூலத்தில் அந்தப் பன்னிரண்டு வசனமும் ஒரே வாக்கியம். தமிழில் வெட்டித்தான் தந்திருக்கிறார்கள், இருந்தாலும் மூச்சு முட்டும். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். “யார் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மறுபடி ஒரு தடவை” என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவருக்காகப் படிக்கிறேன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் எனக்குப் பாடம் நடக்கிறது. ‘ஆனால்’ என்ற சொல்லில் நிற்காவிட்டால் பவுல் சொல்வதே தலைகீழாகும் என்பார். பெந்தக்கோஸ்து அன்று வருமே, பார்த்தர், மேதியர், எலாமியர் என்று ஒரு பட்டியல், வாசகர் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது? அவருக்கு அதுதான் உயிர். “பம்பிலியாவை முழுங்காதீங்க தம்பி, அங்கிருந்தும் ஆள் வந்திருக்காங்க.”

வெள்ளைத் துணி

எனக்குத் திங்கட்கிழமை. பீடத்துணிகள் என் வீட்டுக்கு வரும்.

பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பூசையில் அப்பமும் கிண்ணமும் வைக்கப் பீடத்தில் விரிக்கிற திருமேனித்துகிலையும் கிண்ணம் துடைக்கிற துணியையும் நேரே சோப்பில் போடக் கூடாது. முதலில் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. யார் காலும் படாத மண்ணில் ஊற்றுவேன். சில கோயில்களில் இதற்கென்றே நேராக மண்ணுக்குள் இறங்குகிற தொட்டி உண்டு. அப்புறம்தான் சோப்பு, வெயில், இஸ்திரி எல்லாம். திருமேனித்துகிலை மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடிக்க வேண்டும். விரித்தால் ஒன்பது கட்டம் தெரியும். எல்லா மடிப்பும் உள்பக்கமாக. நற்கருணை அப்பத்தின் துணுக்கு ஏதாவது ஒட்டியிருந்தாலும் வெளியே சிந்தாது.

உறுதிபூசுதல் வகுப்புப் பையன் ஒருவனை எனக்கு உதவிக்கு அனுப்பினார்கள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான். “ஒண்ணுமே தெரியலையே ஆன்ட்டி, அப்புறம் எதுக்கு?” என்றான். “தெரியலை என்பதால்தான்” என்றேன். உறுதிபூசுதல் முடிந்து வெகு நாள் ஆகிவிட்டது, இன்னும் வருகிறான். இஸ்திரி என்னைவிட நன்றாகப் போடுகிறான்.

வீட்டு நற்கருணை

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிற பணியில் இருக்கிறேன். 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், சாமியார் அல்லாத பொதுநிலையினருக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இருந்தாலும் ஒரு வீட்டில் பாட்டி ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “சாமியார் வரலையா?” என்பார். இல்லை பாட்டி, நான்தான் என்றால், “சரி, வா” என்பார். அந்தச் சரியில் ஏமாற்றம் இருக்கும், மறைக்கவும் மாட்டார். எனக்கு அது பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு வீடு. கணவருக்குப் பக்கவாதம். பேச்சு தெளிவு, நடை இல்லை. நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வழியில் யாரோடும் நின்று பேசாமல் போவேன். அங்கே சின்ன மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி எல்லாம் தயாராக இருக்கும். எல்லாம் முடிந்ததும் அந்த மனிதர் கேட்பது அறிவிப்புகளை. பிரசங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இந்த வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை யாருக்கு வாசித்தார்கள்? எத்தனையாவது ஓலை? பெண் எந்தக் குடும்பம்? யாருக்கு அடக்கப் பூசை? தூணுக்குப் பக்கத்தில் அவருடைய இடத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள்? சாமியார் அறிவிப்பு வாசிக்கும்போது ஞாயிறு பூசையில் பாதிப் பேர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் இப்போது குறிப்பு எடுக்கிறேன், ஒன்று விட்டுப்போனாலும் மாட்டிக்கொள்வேன் என்பதால்.

அவர் மனைவி பக்கத்திலேயே நிற்பார். செபங்களுக்குப் பதில் சொல்வார், ஆனால் நற்கருணை வாங்க மாட்டார். காரணம் இருக்கும், நமக்கு எதற்கு என்று நானும் கேட்கவில்லை. ஒருநாள் கதவுவரை வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அவருக்கு ஊட்டும்போதே நானும் ரெண்டு வாய் சாப்பிட்டுடுறேன். இல்லேன்னா எனக்கு நேரமே கிடைக்காது. நற்கருணைக்கு முன்னாடி ஒரு மணி நேர உபவாசம் இருக்க முடியலை. அதான்.”

பல மாதமாக இதுதான் காரணம். திருச்சபைச் சட்டத்தில், 919-ஆம் எண்ணின் கடைசிப் பகுதியில் இருக்கிறது: முதியவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள், இவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அதை எழுதியவர் யாரோ, ஒரு நோயாளி இருக்கிற வீட்டுச் சமையலறையைப் பார்த்திருக்க வேண்டும்.

சொன்னேன். அவர் நம்பவில்லை. பங்குத்தந்தையே போன் செய்து சொன்ன பிறகுதான் நம்பினார். அடுத்த வாரம் இரண்டு அப்பம் எடுத்துப் போனேன். ‘ஆண்டவரே, நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதியற்றவன்’ என்று நூற்றுவர் தலைவன் சொன்னதைத்தான் நற்கருணைக்கு முன்னால் நாம் எல்லோரும் சொல்கிறோம். கோயிலில் சொல்லிச் சொல்லி எனக்கு அது வாய்ப்பாடு ஆகிவிட்டது. அந்த வீட்டில், மருந்துப் பாட்டில்களுக்கும் காயப்போட்ட துணிகளுக்கும் நடுவில், அந்த அம்மா அதைச் சொல்லிக்கொண்டே அவசரமாக ஒரு நாற்காலியை ஓரம் தள்ளினார்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பணியில் இருப்பவர்கள், கட்டிலில் இருப்பவரை மட்டும் பார்க்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புது முகம்

எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பு.

வேலை மாறி ஒரு பெரிய பங்குக்கு வந்தேன். ஞாயிறு மட்டும் நாலைந்து பூசை. வாசலில் அட்டை மாட்டிய வரவேற்புக் குழு உண்டு, சிரிப்பார்கள், பாட்டுத்தாள் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. அமைதியைப் பகிரும்போது கும்பிட்ட கை இறங்குவதற்குள் முகம் திரும்பிவிடும். இளைஞர் குழுவில் சேரலாமா என்று கேட்டேன், படிவம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் படிவம் என்ன ஆனதோ.

ஒரு வாரம் வேலை நேரம் மாறியதால் காலை ஆறு மணிப் பூசைக்குப் போனேன். இருபது பேர் இருந்தால் அதிகம். பாட்டு இல்லை, பிரசங்கமும் இரண்டு நிமிடம். அங்கே ஒளிந்துகொள்ள முடியாது. இரண்டாம் நாளே ஒரு அம்மா, “நேத்து அந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னது நீங்கதானே? முன்னாடி வாங்க” என்று கூப்பிட்டார். அந்த வாரமே வாசகர் வராத ஒரு நாளில் என் கையில் புத்தகத்தைத் திணித்துவிட்டார்கள். பொதுக்கால வார நாளில் முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று, ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. தவறான பக்கத்தைத் திறக்கப் போனவனை, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளைதான் கண்ணைக் காட்டித் தடுத்தார்.

வரவேற்புக் குழுவைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன். அட்டையைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஆறு மணிப் பூசைக்கு வந்து பாருங்கள்.

கடைசி பெஞ்சு

ஆறு மணியா! யோசிக்கிறேன். மரியாயின் சேனை என்ற பக்தசபையில் யாரும் இல்லையா இங்கே?

சேனைக்காரி

இருக்கிறோம். 1921-இல் டப்ளினில் தொடங்கிய நாளிலிருந்து வாரந்தோறும் கூடுகிறோம். செய்த வேலையை ஒவ்வொருவராக அறிக்கையாகச் சொல்கிறோம், கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்வதில்லை. ஆகவே சொல்ல ஒன்றும் இல்லை.

சனி மாலை வரிசை

சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், “நீங்க முதல்ல போங்க” என்றார். நான்தான் அவருக்கு முன்னால் நிற்கிறேனே என்றேன். “ஓ” என்றுவிட்டு, தனக்குப் பின்னால் இருந்தவரிடம் அதையே சொல்லி முன்னே விட்டார். நான் முடித்துவிட்டு வந்து முழந்தாளிட்டபோதும் அவர் வரிசையின் கடைசியில்தான் இருந்தார். வாரா வாரம் இப்படித்தான். ஒரு சனிக்கிழமை மட்டும் அவருக்குப் பின்னால் யாருமே இல்லை. உள்ளே போனார். வெகுநேரம் ஆயிற்று. மாலைப் பூசை பத்து நிமிடம் தாமதம், சாமியார் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வின்சென்ட் சபை

பிரெடெரிக் ஓசானாம் 1833-இல் பாரிஸில் தன் தோழர்களோடு ஏழைகளுக்கு உதவும் இந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. எங்கள் கூட்டத்துக்கு வந்தால் அதை நம்பவே மாட்டீர்கள், இளையவரே ஐம்பதைத் தாண்டியவர்.

இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போவோம். வாரக் கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி கையை மூடி உள்ளே விட வேண்டும். சமீபத்தில் ஒரு சண்டை. உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், கணக்கு வெளிப்படையாக இருக்கும் என்றார் ஒருவர். நல்ல எண்ணம்தான். மூத்த உறுப்பினர் ஒருவர், பேசவே மாட்டார், எழுந்து சொன்னார்: “முதலில் நம் பெயரை ஒட்டுவோம். யார் எவ்வளவு போட்டோம் என்று.” தீர்மானம் அதோடு போயிற்று. கணக்கு இப்போது நிதிக்குழுவுக்குப் போகிறது, பெயர்கள் எங்களோடு நிற்கின்றன.

ஆல்ட்டோ

பாடகர் குழு சண்டைகளை எழுதலாம் என்று வந்தேன். கீபோர்டு சத்தம், தனிப்பாட்டு யாருக்கு, அதெல்லாம் உங்கள் பங்கிலும் இருக்கும், விடுங்கள்.

வார நாளில் அடக்கப் பூசை என்றால் ஒரு பாடகர்கூடக் கிடைக்காது, எல்லோருக்கும் வேலை. எங்கள் குழுவிலிருந்து வயதாகி விலகியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். குரல் நடுங்குகிறது, மேல் ஸ்தாயி எட்டவில்லை என்று ஞாயிறு குழுவிலிருந்து மரியாதையாக ஓரம் கட்டப்பட்டவர்கள். யாரும் சொல்லாமலேயே அவர்கள் அடக்கப் பூசைக்கெல்லாம் வர ஆரம்பித்தார்கள். இறந்தவர் தெரிந்தவரா, காணிக்கை கொடுத்தவரா, கோயில் பக்கம் எட்டிப் பார்த்தவரா, எதுவும் கணக்கில்லை. கோயில் மணி எப்படி அடிக்கிறது என்று கேட்டே வந்துவிடுவார்கள்.

முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. கூட வந்தது இல்லத்தின் பணியாளர் ஒருவரும் ஓட்டுநரும் மட்டும். விடுப்பில் இருந்ததால் நான் போயிருந்தேன். அந்த நாலைந்து பேரும் வழக்கமாக உட்காரும் பாடகர் இடத்துக்குப் போகவில்லை. குடும்பத்தார் உட்காரும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்தே பாடினார்கள். பதிலுரைப் பாடல், ஆண்டவர் என் ஆயர். பூசை முடிந்து பெட்டிக்கு மேல் தீர்த்தம் தெளிக்கும்போது ஒருவர் பின் ஒருவராகப் போய்த் தெளித்தார்கள். பணியாளர் என்னிடம், “சொந்தக்காரங்க வந்துட்டாங்களா? யாரும் இல்லைன்னு சொன்னாங்களே?” என்று கேட்டார்.

கடைசி பெஞ்சு அவர்களே, உங்கள் பங்கிலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கலாம். குழுப் பட்டியலில் பெயர் இருக்காது. கோயில்பிள்ளையைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.