கொங்கு முறைக் கல்யாணத்தில் மாப்பிள்ளை உடை: எட்டு முழமா, பஞ்சகச்சமா, ஷெர்வானியா?

கேள்வி (பெருந்துறையிலிருந்து)

வருகிற தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலையில் தொடங்கும் சீர்கள் முதல் விடியற்காலை முகூர்த்தம் வரை, சீர்ச் சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரரை வைத்து நம் முறைப்படியே நடத்துவதென்று இரு வீட்டாரும் பேசி முடித்துவிட்டோம். ஜவுளி எடுக்க இரண்டு வாரமே இருக்கும் நிலையில், மாப்பிள்ளைத் துணியில் மட்டும் முடிவு எட்டவில்லை. வெள்ளை எட்டு முழ வேட்டியும் தலைப்பாகையாகக் கட்டும் உருமாலும் தவிர வேறெதுவும் ஆகாது என்கிறார் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா). பெண் வீட்டார் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையும் எடுத்துத் தர விரும்புகிறார்கள். தம்பியின் நண்பர்களோ, பஞ்சகச்சம் கட்டினால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்றும், முகூர்த்தத்துக்கே ஷெர்வானி போடலாம் என்றும் அவன் மனத்தைக் கலைத்து வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, பட்டு வேட்டி என்று கடைகளில் சில நூறு ரூபாய்க்கும் காட்டுகிறார்கள், பல ஆயிரத்துக்கும் காட்டுகிறார்கள். எதை நம்பி எடுப்பது? அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (சிறுமுகையிலிருந்து)

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. எனவே துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சில நூறு ரூபாய்க்குப் பட்டு வேட்டி என்று விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது விஸ்கோஸ் நூலில் ஓடியது; அதை ஆர்ட் சில்க் என்பார்கள். விலை அதிகமென்பதால் மட்டும் நல்ல பட்டு என்று நம்பிவிடவும் கூடாது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வெட்டு முனையிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாடையோடு மெதுவாக எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணி போல நிற்கும். விஸ்கோஸ் காகிதம் எரிவது போலச் சட்டென்று எரிந்துபோகும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஏனென்றால் பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் ஓடிய துணிகள் உண்டு, அவற்றை ஒரு நூலை மட்டும் எரித்துப் பார்த்தவர்கள் தூய பட்டென்று நம்பி வாங்கிச் செல்கிறார்கள்.

நூலை உருவ விடாத கடையில், மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கப்பட்ட சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை பட்டுக்கு மட்டுமே உறுதி தருகிறது; கரையில் ஓடும் ஜரிகைக்கோ, துணி கைத்தறிதான் என்பதற்கோ தருவதில்லை. பக்கத்திலேயே புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இருக்கும்போது, மாப்பிள்ளை வேட்டிக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பதில் (கோபிசெட்டிபாளையத்திலிருந்து)

நான் தையல்காரன். வேட்டியைப் பற்றிப் பேசும் யாரும் சட்டையைப் பற்றி யோசிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாப்பிள்ளை, உடம்பை ஒட்டினாற்போல் இருக்க வேண்டுமென்று கேட்டு என்னிடம் பட்டுச் சட்டை தைத்துக்கொண்டு போனார். தாலி கட்டக் கையைத் தூக்கிய நொடியில் அக்குளில் தையல் விட்டுவிட்டது. தவறு என்னுடையது, நான் மறுத்திருக்க வேண்டும். பட்டுத் துணியில் இழுவிசை ஏறினால், நூல் அறுவதற்கு முன்பே தையலோரத்து இழைகள் விலகத் தொடங்கிவிடும். அன்றிலிருந்து முகூர்த்தச் சட்டைக்கு வருபவரைச் சம்மணமிட்டு உட்காரவும், இரண்டு கையையும் முன்னால் நீட்டவும் சொல்லித்தான் அளவெடுக்கிறேன். மார்புச் சுற்றில் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் தளர்வு விட்டு, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைத்தால் வியர்வைக் கறையும் வெளியே தெரியாது.

வேட்டியில், நான்கு முழம் ஒற்றைச் சுற்றுதான். மணையில் உட்கார்ந்து எழும் மாப்பிள்ளைக்கு அது போதாது. எட்டு முழம் ஏறத்தாழ 3.6 மீட்டர், இரட்டையாக மடித்துக் கட்டுவதால் உடம்பும் தெரியாது, உட்காரும்போது விலகவும் செய்யாது. பட்டு வழுக்கும் என்பதால் உள்ளே அகலமான பச்சை பெல்ட் போட்டுவிடுங்கள். பஞ்சகச்சத்துக்கு 9×5 என்று, ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமுமாகத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கட்டத் தெரிந்தவர் அந்த அதிகாலையில் உடன் இல்லாவிட்டால் அதில் இறங்காதீர்கள்.

பதில் (காங்கயத்திலிருந்து)

உங்கள் அப்பிச்சி உருமாலை வற்புறுத்துவதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதற்கான துணியை யாரும் முன்கூட்டியே எடுத்து வைப்பதில்லை. என் தம்பி கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு அவன் சகோதரி நிற்கும் இணைச்சீருக்கு நின்றவள் நான். பட்டு அங்கவஸ்திரத்தையே உருமாலாகக் கட்டினார்கள். மூன்று முறை காதின் மேல் சரிந்து விழுந்தது. கடைசியில் எங்கள் மாமா தம் தோளில் கிடந்த பருத்தித் துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினார், அது சீர் முடியும் வரை அசையவில்லை. ஆகவே உருமாலுக்கென்று கஞ்சி போடாத, மெல்லிய, நீளமான பருத்தித் துணி ஒன்றைத் தனியாக வாங்கி, சீர்க்கூடையிலேயே வைத்துவிடுங்கள். முந்தின நாள் சீர்களுக்கு வெள்ளைப் பருத்தி வேட்டியும் முகூர்த்தத்துக்குப் பட்டும் என்று வைத்துக்கொண்டால் அப்பிச்சி மனமும் நோகாது, பெண் வீட்டார் ஆசையும் நிறைவேறும். ஷெர்வானி வடநாட்டு உடை. தம்பிக்குப் பிடித்திருந்தால் வரவேற்புக்குப் போட்டுக்கொள்ளட்டும், அதில் குறையொன்றுமில்லை.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பிச்சியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வேட்டி யோசனைக்கு ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு ஐயம்: வெண்பட்டில் மஞ்சள் பட்டுவிட்டால் என்ன செய்வது?

பதில் (சிறுமுகையிலிருந்து)

சோப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள்; சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் கறை செந்நிறமாகத் திரும்பும். தேய்க்காமல் சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்து, மறுநாளே டிரை கிளீனிங்குக்குக் கொடுத்து, இது மஞ்சள் கறை என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.