கூட்டாளியின்ர 31க்குக் கல்வெட்டு: திதி வெண்பா, படம், பக்கக் கணக்கு

குளக்கட்டு (கிளிநொச்சி):
கூட்டாளி தவறி எட்டுச்செலவும் முடிஞ்சுது. 31ம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்கிற பொறுப்பை அவன்ர அம்மா என்னட்டைத் தந்திருக்கிறா. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒண்டுதான் இருக்கு, மிச்சமெல்லாம் 2009 சண்டையோட அழிஞ்சுபோச்சு. வேறொரு கல்வெட்டில இருக்கிற திதி வெண்பாவை (இறந்த திதியைச் சொல்லுற பாட்டு) எடுத்துத் திதியை மட்டும் மாத்தலாமோ? எத்தினை பக்கம் வேணும்?

மல்லாவி அக்கா:
தம்பி, திதியை மட்டும் மாத்தினா வெண்பா உடைஞ்சிடும். பாருங்கோ:

விசுவா வசுவாண்டு மேவியவை காசி
அபர தசமி...

மாச்சீருக்கு (நேரசையில முடியிற ஈரசைச் சீர்) பிறகு நிரையசை ("அப", "தச" மாதிரி) வரவேணும். "காசி"க்குப் பிறகு "அபர" (தேய்பிறை), "அபர"வுக்குப் பிறகு "தசமி", தளை (சீருக்குச் சீர் இணைப்பு) தட்டேல்லை. தசமியை எடுத்துப்போட்டு ஏகாதசியை வைச்சா நேரசையில ("ஏ") தொடங்கும். அதோட அது கனிச்சீர் (நிரையசையில முடியிற மூவசைச் சீர்), வெண்பாவுக்குள்ள வரவே கூடாது. ஈற்றடி மூண்டு சீர். நாள், மலர், காசு, பிறப்பு எண்ட வாய்பாட்டில ஒண்டில முடியவேணும்.

அதுக்கு முதல் திதியைச் சரி பாருங்கோ. உயிர் பிரிஞ்ச நேரம் மணி, நிமிசத்தோட வேணும். வாக்கிய பஞ்சாங்கத்திலயும் திருக்கணித பஞ்சாங்கத்திலயும் திதி முடியிற நேரம் வேற வேற. அந்த இடைவெளிக்குள்ள இறந்திருந்தா இரண்டு திதி வரும். வீட்டுக்காரர் எந்தப் பஞ்சாங்கம் பாக்கினமோ அதையே எடுங்கோ, ஆண்டுத் திவசம் அந்தத் திதியிலதான் வரப்போகுது. வருசப் பேரிலயும் கவனம்: 2026 ஏப்ரல் 10 எண்டா பராபவ இல்லை, விசுவாவசு, பங்குனி மாதம்.

பரந்தன் அச்சுக்கோர்ப்பு:
படத்தை போனால பிடிக்காம 600 டிபிஐயில ஸ்கான் பண்ணுங்கோ. 35 x 45 மில்லிமீற்றர் படம் 827 x 1063 பிக்சல் வரும். அச்சில 300 டிபிஐக்கு 70 x 90 மில்லிமீற்றர் மட்டும் தெளிவா நிக்கும். புத்தக அட்டை முழுக்க இழுத்தா கண்ணும் மீசையும் கரைஞ்சுபோம். லமினேற் பண்ணியிருந்தா உரிக்காதேங்கோ, படத்தின்ர மேல்தோலும் சேர்ந்து வரும். வட்ஸ்அப்பில படமா அனுப்பாம டொக்கியுமென்றா அனுப்புங்கோ.

வெளிநாட்டுச் சொந்தக்காரரையும் கேட்டுப் பாருங்கோ. இஞ்ச அழிஞ்ச கலியாணவீட்டு, சாமத்தியவீட்டுப் படங்கள் அங்க அனுப்பின கட்டில தப்பியிருக்கும்.

நடுவில பின் அடிக்கிற புத்தகம் எண்டா பக்கம் 4ன்ர மடங்கா இருக்கவேணும். 16 போதும். பஞ்சபுராணத்தை தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் எண்ட ஒழுங்கில வையுங்கோ. யூனிகோட்டில இருந்து பாமினி எழுத்துருவுக்கு மாத்தேக்க கொம்பும் ஸ்ரீயும் குழம்பும், கடதாசியில எடுத்துத்தான் திருத்தவேணும்.

விசுவமடு:
நண்பன் எழுதிற பக்கத்தை விட்டிடாதேங்கோ. "பண்பாளர், பாசமானவர்" எண்டு நிரப்பினா அது ஆற்ற கல்வெட்டுக்கும் பொருந்தும். எந்த வாய்க்கால் தண்ணியில வயல் செய்தவர், மிசினில எந்தச் சத்தம் கேட்டா நிப்பாட்டுவார், அந்தச் சண்டைக்குள்ள தருமபுரத்தில இருந்து மாத்தளன் வரைக்கும் ஆரைத் தூக்கிக்கொண்டு போனவர், அதை எழுதுங்கோ. வீட்டுக்குத் தெரியாதது கூட்டாளிக்குத்தான் தெரியும். அச்சுக்கு விட முதல் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவ வேண்டாம் எண்டிற வரியை எடுத்துவிடுங்கோ.

குளக்கட்டு:
அம்மாட்டைக் கேட்டன். விடிய 4.20, வாக்கியம்தான் பாக்கிறவை. அக்கா, வெண்பாவை எழுதிப்போட்டு இஞ்சயே போடுறன், தளை பாத்துச் சொல்லுங்கோ.