கேப் மேயில் மோனார்க் கூட்டம் கண்ணில் படவில்லை, உதவுங்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடலோரத்தில் உள்ள கேப் மே ஊரில், தெற்கே வலசை போகும் வழியில் மோனார்க் பட்டாம்பூச்சிகள் கொத்துக் கொத்தாக மரத்தில் அடைவதைப் பார்க்க மூன்று வாரமாக அலைகிறேன். செப்டம்பர் கடைசி இரண்டு சனிக்கிழமை, அக்டோபர் முதல் சனிக்கிழமை போனேன். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மணல்மேட்டில் காலை 11 முதல் 3 வரை நின்றேன், கையில் 8×42 பைனாகுலர். மஞ்சள் கோல்டன்ராட் பூவில் இரண்டு மட்டும் தேன் குடித்தன. ஒன்றுக்கு இறக்கை ஓரம் கிழிந்திருந்தது. அவ்வளவுதான். மூன்று நாளும் தெற்குக் காற்று. குளிர்காற்று வந்து வடமேற்கிலிருந்து வீசினால்தான் கூட்டம் கடலோரம் ஒதுங்கும் என்று அப்புறம்தான் படித்தேன். (காற்று நம் சனிக்கிழமையைப் பார்த்தா வீசும்?) வரும் புதன் வடமேற்குக் காற்றாம், லீவு போட்டாயிற்று. சாயங்காலம் அவை அடைவதைப் பார்க்க எந்தப் பக்கத்து மரங்களுக்குக் கீழே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?