மறுமொழி: குவிமாட ஓட்டுவேலைக்குச் சொல் – ‘மெருகோடு’ ஏன் வேண்டாம்

நண்பர்களே,

பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஈரானின் இஸ்ஃபஹான் நகரப் பள்ளிவாசல்களைப் பற்றிய பக்கத்தில், இரு வகை ஓட்டுவேலைக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் இரண்டு இடங்கள் வெற்றாக நிற்கின்றன.

மெருகிட்ட ஓடு என்ற பொருளில் ‘மெருகோடு’ என்று முன்மொழிந்த ஐயாவுக்கு: மெருகு + ஓடு என்ற குற்றியலுகரப் புணர்ச்சி சரிதான். ஆனால் நன்னூல் சொல்லும் மூன்றாம் வேற்றுமை உருபும் ‘ஓடு’ ஆயிற்றே! ‘மெருகோடு மின்னும் குவிமாடம்’ என்றால் மாணவர் கண்ணுக்கு ஓடே தென்படாது. ‘மொசைக்’ அதைவிடச் சிக்கல்; நம் வீடுகளில் அது சிமெண்டில் கல்துகள் கலந்து தேய்த்த தரை.

செய்முறை தெரியும்படி பெயர் அமைய வேண்டும். பாரசீகர் ‘முஅர்ரக்’ என்று சொல்லும் வேலையில் நிறத்துக்கு ஓர் ஓடு. அந்தந்த நிறத்துக்கு ஏற்ற சூட்டில் சுடுவார்கள். பிறகு இதழ் இதழாகக் கொத்தி, முகம் கீழே இருக்கும்படி அடுக்கி, முதுகில் ஜிப்சம் சாந்து ஊற்றி, இறுகியதும் பெயர்த்துப் பதிப்பார்கள். சிறு துண்டுகள் என்பதால் குவிமாட வளைவுக்கு இணங்கும். அவர்களின் ‘ஹஃப்த் ரங்கி’ (ஏழு வண்ணம்) வேறு. ஒரே சதுர ஓட்டில் பல நிறங்கள். எண்ணெய்ப் பசையில் குழைத்த மாங்கனீசுக் கோடு அவை கலக்காமல் தடுக்கும். ஒரே சூட்டில் முடிந்துவிடும். 1611இல் தொடங்கிய ஷா பள்ளிவாசலின் பரந்த சுவர்களுக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. இரண்டையும் ‘அலங்கார ஓடு’ என்று சொல்லிவிட்டால் பாடமே வீண்.

ஹஃப்த் ரங்கிக்கு ‘ஏழுவண்ண ஓடு’. முஅர்ரக்குக்கு ‘ஓட்டிழைப்பு’. பொன்னில் மணி இழைப்பது நமக்குப் பழகிய வழக்குதானே? ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசலின் (1603–1619) குவிமாடத்தைப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் தளத்துக்கு மெருகு இல்லை, அதில் ஓடும் கொடிகளுக்கு உண்டு. வெயில் பட்டால் கொடிகள் மட்டும் பளீரிடும். இதை இழைப்பு என்னாமல் வேறு எப்படிச் சொல்வது?

‘காசி ஓடு’ வேண்டாம். ஓட்டுக்குப் பாரசீகர் சொல்லும் ‘காஷி’, ஈரானின் காஷான் நகரத்தால் வந்தது என்பது உண்மை. தமிழர் கங்கைக்கரையைத்தான் நினைப்பார்கள்.

---

மறுமொழி:

ஐயா, ‘இழைப்பு’ என்றதும் தச்சர் இழைப்புளியை எடுப்பார். மரம் சீவுவதும் இழைப்புதான். குவிமாடத்துக்கு நாம் சொல்லும் ‘கும்மட்டம்’ பாரசீக ‘கும்பத்’ வழி வந்தது. அதனால் தமிழ் என்ன குறைந்துபோயிற்று? ‘முஅர்ரக்’ அப்படியே நிற்கட்டும். விளக்கம் ஒரு வரி போதும்.

---

மறுமொழி:

அம்மா, விளக்கத்துக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. மற்றவர்கள் ‘ஓட்டிழைப்பு’ போதும் என்கிறார்கள், அதையே அனுப்புகிறேன். உங்கள் மறுப்பைச் சொல்லடைவில் ‘முஅர்ரக்’ பதிவாகச் சேர்த்துவிடுகிறேன்.

---

மறுமொழி:

அச்சேறட்டும். என் வகுப்பில் முஅர்ரக் என்றுதான் சொல்லித்தருவேன்.